பழைய ரூபஸ் தாள்கள்: பறித்தவர் யார்? கேள்வி பதில்

பிரிட்டனில் சேகரித்து, உலர்த்தித் தாள்களில் ஒட்டிய பழைய ரூபஸ், அதாவது பிளாக்பெர்ரி முட்புதர் மாதிரிகளைப் பற்றி வந்த கேள்விகள். செடியின் இனத்தைக் கண்டுபிடிப்பது இங்கே வேலை இல்லை, பறித்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான்.

கேள்வி: லேபிளில் 'ரூபஸ் லேயானஸ் ரோஜர்ஸ்' என்று இருக்கிறது. சேகரித்தவர் ரோஜர்ஸ் என்று பதியலாமா?

பதில்: கூடாது. தாவரப் பெயரை ஒட்டி வருபவர் அந்தப் பெயரைச் சூட்டியவர். லேயானஸ் என்பது அகஸ்டின் லே என்ற தாவரவியலாளரின் பெயரால் வைத்தது. அதை வைத்து லே பறித்தார் என்றும் சொல்ல முடியாது. 'லெக்.' என்ற சுருக்கத்துக்குப் பின்னால் இருப்பவர்தான் பறித்தவர். 'டெட்.' இனம் கண்டவர். 'காம்.' அனுப்பிக் கொடுத்தவர். 'எக்ஸ் ஹெர்ப்.' என்றால் தாள் யாருடைய தொகுப்பிலிருந்து வந்தது என்பது மட்டுமே. பெயருக்குப் பின் ஆச்சரியக்குறி இருந்தால் அவர் மாதிரியைப் பார்த்தார் என்று பொருள், பறித்தார் என்று அல்ல.

கேள்வி: 'லின்டன்' என்று மட்டும் இருக்கிறது. தேதி 1893.

பதில்: நல்ல கேள்வி. லின்டன் இரண்டு பேர், அண்ணன் தம்பி, இருவருமே பாதிரியார்கள். எட்வர்ட் பிரான்சிஸ் (1848–1928) போர்ன்மவுத் பக்கம். வில்லியம் ரிச்சர்ட்சன் (1850–1908) டெர்பிஷையரில் ஷெர்லி என்ற ஊர்.

முதலில் வைஸ்-கவுன்டி எண்ணைத் தேடுங்கள். தாவரவியலாளர் வாட்சன் 1852-இல் கிரேட் பிரிட்டனைத் தாவரப் பதிவுக்காக 112 எண்ணிட்ட பகுதிகளாக, அதாவது வைஸ்-கவுன்டிகளாகப் பிரித்தார். சேகரிப்பாளர்கள் அந்த எண்ணை லேபிளின் ஓரத்தில் போடுவது வழக்கம். 57 என்றால் டெர்பிஷையர், தம்பி பக்கம் சாயலாம். 9 (டார்செட்), 11 (தெற்கு ஹாம்ப்ஷையர்) என்றால் அண்ணன் பக்கம். ஆனால் சாயலாமே தவிர முடிவு கட்டக் கூடாது: இருவரும் சேர்ந்தே பறிக்கப் போனதுண்டு. ஆகவே அதே நாள், அதற்கு முந்தின நாள், அடுத்த நாள் தேதியிட்ட மற்ற தாள்களைத் தேடி எடுங்கள், ரூபஸ் அல்லாதவை உட்பட. அவற்றில் ஒன்றிலாவது பெயரின் முதலெழுத்து (இனிஷியல்) முழுதாக இருந்தால் விஷயம் முடிந்தது. கிடைக்காவிட்டால் 'லின்டன், எவர் என்று தெரியவில்லை' என்றே பதியுங்கள்.

இன்னொன்று: 1892 முதல் 1895 வரை லின்டன் சகோதரர்கள், மரே, ரோஜர்ஸ் ஆகிய நால்வர் சேர்ந்து பிரிட்டிஷ் ரூபஸ் மாதிரிகளை எண்ணிட்ட தொகுப்பாக விநியோகித்தார்கள். உங்கள் தாளில் அந்த எண் இருந்தால், அதே எண் கொண்ட தாளை வேறு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரத் தொகுப்பில்) பாருங்கள். ஒன்றில் கிழிந்துபோன பெயர் மற்றொன்றில் இருக்கும். நால்வருமே பாதிரியார்கள், எனவே 'ரெவ்.' என்ற அடைமொழியால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: 'டெட். டபிள்யூ. எம். ரோஜர்ஸ்' என்றிருந்தால் அவரைச் சேகரித்தவராக...

பதில்: இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கையெழுத்து ஒத்துப்போனால் போதாதா? எதற்கு இத்தனை சுற்று?

பதில்: போதாது. சேகரிப்பாளர்கள் மாதிரிகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட பரிமாற்றக் கழகங்கள் வழியாக வந்த தாளில், பெற்றுக்கொண்டவர் தன் தொகுப்புக்காக லேபிளைத் தானே பிரதி எடுத்து எழுதியிருப்பார். எழுத்து அவருடையது, செடி இன்னொருவருடையது.

கேள்வி: பிரதி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுத்து பொருந்தும்போது பெயரைப் போடாமல் விடுவது சோம்பேறித்தனம்.

பதில்: சோம்பேறித்தனம் என்ற சொல்லுக்காகவே விரிவாகச் சொல்கிறேன். ஒரே எழுத்து, ஒரே மை, ஒரே மாதிரி லேபிள், ஆனால் இடங்கள் நாட்டின் இரு கோடிகளில், தேதிகள் அடுத்தடுத்த நாட்கள்: இது தொகுப்பாளரின் கை. ஒரு வாரத்துத் தாள்களை வரைபடத்தில் வைத்தால் நடந்தே போகக்கூடிய பாதையாக விழுகிறதா? அப்படியானால் பறித்தவரின் கையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்தை ஒப்பிடுவதானால், கையொப்பமுள்ள, அதே பத்தாண்டைச் சேர்ந்த ஐந்தாறு லேபிள்களையாவது பக்கத்தில் வையுங்கள். 'ரூபஸ்' என்ற சொல்லின் முதல் பெரிய எழுத்து எல்லா லேபிளிலும் வரும், அது நமக்கு வசதி. அத்துடன் 1-உம் 7-உம் எழுதும் விதம், மாதத்தை ரோமன் எண்ணில் போடுகிறாரா, சுருக்குகிறாரா என்பது. முழு லேபிளின் 'தோற்றம்' பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தலைமுறைப் பாதிரியார்கள் பலரின் எழுத்து ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்.

கேள்வி: நானும் முந்தைய கேள்வியாளர் கட்சிதான். தரவுத்தளத்தில் சேகரித்தவர் பத்தி காலியாக இருந்தால் தாளைத் தேடவே முடியாது.

பதில்: ஊகத்தை உறுதிபோலப் பதிந்தால் தேடலாம், தவறான ஆளிடம் போய்ச் சேரலாம். சேகரித்தவர் பத்தியில் லேபிளில் உள்ளதை உள்ளபடி, எழுத்துப் பிழையோடு. குறிப்புப் பத்தியில் உங்கள் ஊகம், காரணம், உங்கள் பெயர், தேதி. குறிப்பிலும் தேடலாம், காலி என்ற பேச்சே இல்லை.

கேள்வி: 1884 தேதியிட்ட தாளில் ரூபஸ் சேகரிப்பாளர் ஆண்ட்ரூ பிளாக்சம் பெயர் இருக்கிறது.

பதில்: அவர் 1878-இல் இறந்துவிட்டார். தேதியைத் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது அது மறுபடி ஒட்டிய தேதி.

கேள்வி: தாளில் நீர்க்குறி (வாட்டர்மார்க்) ஆண்டு 1827. அப்படியானால் செடியும் 1827தானே?

பதில்: 1827-க்கு முன் அந்தக் காகிதம் இல்லை, அவ்வளவுதான். அதுவும் லேபிள் காகிதத்தில் இருந்தால்தான் ஏதாவது பொருள் உண்டு. பெரிய தாளைப் பின்னால் வந்தவர்கள் மாற்றி ஒட்டியிருப்பார்கள்.

கேள்வி: ஒரு தாளில் பூங்கொத்து மட்டும், லேபிள் இல்லை.

பதில்: ரூபஸுக்கு முதலாண்டுத் தண்டின் நடுத்துண்டு இலையோடும், பூங்கொத்தும் இரண்டும் வேண்டும். ஒரே தாளில் அடங்காது என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அடுத்தடுத்த தாள்களில் தண்டு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பென்சிலால் தாளிலேயே பெயரை எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். தனிச் சீட்டு, அமிலமற்ற காகிதம், உங்கள் பெயர், தேதி. பழைய லேபிளைப் பிரித்தெடுக்கவும் வேண்டாம்.

கேள்வி: 'டெட்.' என்றிருந்தால்...

பதில்: முதல் பதில்.