வாட்ச் ரிப்பேர் தொழிலை எப்படிக் கற்றுக்கொள்வது?

பிளஸ் டூ முடித்த தம்பிக்கு வாட்ச் ரிப்பேரில் ஆசை, எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி, ஸ்ட்ராப் மாற்றுவதைச் சில நாளில் பழகிவிடலாம். தொழிலாகச் செய்ய அது போதாது. சாவி கொடுக்கும் வாட்ச்தான் உண்மையான பள்ளிக்கூடம்.

எச்.எம்.டி. ஜனதா என்ற சாவி கொடுக்கும் வாட்ச், பழையது ஒன்று வாங்கிக் கொடுங்கள். சக்கர அச்சுகள் தேயாமல் சுழலத் தாங்கும் சிறு கற்கள் அதில் 17. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. பின்மூடியைத் திறந்தாலே நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரம் இருபுறமும் ஆடுவது தெரியும். கழற்றும் முன், சாவி கொடுக்கும்போது சுருளும் மெயின் ஸ்பிரிங்கில் ஏறியிருக்கும் விசையை மெல்ல இறக்கிவிட வேண்டும். மறந்துபோய்க் கழற்றினால் சக்கரங்கள் விருட்டென்று சுழன்று பல் உடையும். ட்வீசரை இறுக்கிப் பிடித்தால் ஸ்குரூ தெறித்து எங்கோ போய்விடும். நான் தரையில் தவழ்ந்து தேடிய நாட்கள் நிறைய. எண்ணெய் ஊசிமுனையளவுதான், கல்லின் குழியில் மட்டும். கூடினால் வழிந்து பரவி, தேவைப்படும் இடத்தில் நிற்காது. பாலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் முடி போன்ற மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் படித்து வருவதில்லை. நல்ல கைக்காரர் ஒருவரின் மேஜையருகே ஓரிரு வருடம் உட்கார வேண்டும். அவர் திட்டினாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உலக அளவில் மதிப்புள்ள சான்றிதழ் வேண்டுமென்றால், சுவிட்சர்லாந்தில் 1966இல் தொடங்கிய வோஸ்டெப் என்ற வாட்ச் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதன் முழுப் பயிற்சி 2 ஆண்டு, 3,000 மணி நேரம். பிரிட்டனில் 1858 முதல் இயங்கும் கடிகாரத் தொழிலுக்கான பிரிட்டிஷ் ஹொரலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட்டும் தேர்வு நடத்துகிறது. முதலில் அந்த ஜனதாவை முழுக்கக் கழற்றி மாட்டி, ஒரு நாள் நிற்காமல் ஓட வைக்கட்டும்.