பன்னிரண்டு பேர் போதுமா?

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து எழுதுகிறேன். 1998 குண்டுவெடிப்புக்கு அடுத்த வருடம் பிறந்தவன். நானும் நான்கு நண்பர்களும் சேர்ந்து இரண்டு வருடமாக, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை இலவசமாகப் படம் போடுகிறோம். போர், கலவரம், அகதி வாழ்க்கை, சமாதான முயற்சிகள் பற்றிய படங்கள். படம் முடிந்ததும் ஒரு சிறப்பு விருந்தினர் பேசுவார். எங்கள் ஊரில் இந்து, முஸ்லிம் இரு மதத்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து எதையாவது சேர்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. வேறு பெரிய திட்டம் இல்லை.

முதல் மாதம் அறுபது பேர் வந்தார்கள். இப்போது பன்னிரண்டு. அதிலும் பத்துப் பேர் எங்கள் நண்பர்கள், ஏற்கெனவே எங்களைப் போலவே நினைப்பவர்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மட்டும் தவறாமல் வருகிறார். கடைசி வரிசையில் உட்காருவார். படம் முடிந்து விருந்தினரை அறிமுகப்படுத்தும்போதே எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

மண்டபக்காரர் "அரசியல் மட்டும் பேசாதீங்க தம்பி" என்கிறார். என் மாமா "ஆறுன புண்ணை எதுக்குடா கிளறறீங்க" என்று கேட்கிறார். விருந்தினரின் பயணச் செலவு எங்கள் கைக்காசு. இதனால் யாராவது மாறியிருப்பார்களா என்று யோசித்தால் ஒருவரைக்கூடச் சொல்ல முடியவில்லை. நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்த வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடத்தும் முறையை மாற்றிப் பார்க்கலாம்.

உங்கள் மாமாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர்மீது கோபப்படாதீர்கள். 1997 நவம்பர் கடைசியில் நடந்த கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14 அன்று வரிசையாக வெடித்த குண்டுகளையும் பார்த்த தலைமுறை அது. குண்டுகளில் மட்டும் 58 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கலந்து வாழ்ந்த தெருக்களிலிருந்து பலர் தங்கள் ஆட்கள் இருக்கும் பகுதிக்கு வீடு மாறினார்கள். பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுத்து வாங்கிய பழக்கம் அதோடு போனது. உங்கள் மாமா ஆறிய புண் என்று சொல்வது ஆறியதாலா, அல்லது அந்தப் பக்கம் போகாமலே இருக்கப் பழகிவிட்டதாலா என்று எனக்குத் தெரியாது. அவரிடமே கேளுங்கள், விவாதமாக இல்லாமல். அந்த நாட்களில் எங்கே இருந்தீர்கள், கடை திறந்தீர்களா, வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

அவருடைய கேள்வியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். சொந்தப் புண்ணை வெள்ளைத் திரையில் பெரிதாகக் காட்டினால், முதல் பத்து நிமிடத்திலேயே அறை இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தக் காட்சி ஏன் இருக்கிறது, அந்தக் காட்சி ஏன் இல்லை, எங்கள் ஆட்கள் செத்தது எங்கே என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் அதற்கு நடுவே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். தூரத்து ஊரின் படம் அங்கேதான் உதவுகிறது.

லைபீரியப் பெண்கள் பற்றிய 'பிரே த டெவில் பேக் டு ஹெல்' என்ற ஆவணப்படத்தைப் போட்டிருக்கிறீர்களா? கினி ரெட்டிக்கர் இயக்கியது, அபிகெய்ல் டிஸ்னி தயாரித்தது, 2008-ல் வந்தது. உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த லைபீரியாவில், 2003-ல், லேமா போவீ என்ற இளம் தாய் தன் தேவாலயத்துப் பெண்களைச் சமாதானத்துக்காகத் திரட்டுகிறார். ஆசாட்டு பா கென்னத் என்ற முஸ்லிம் பெண், காவல் துறையில் இருப்பவர், அந்தத் தேவாலயத்துக்கே வந்து நாங்களும் சேர்ந்துகொள்கிறோம் என்கிறார். இரு பக்கமும் தயக்கம் இருந்தது. துப்பாக்கிக் குண்டுக்கு முஸ்லிம் யார், கிறிஸ்தவர் யார் என்று தெரியுமா என்று ஒரு பெண் கேட்கிறார். அப்புறம் எல்லோரும் வெள்ளை உடுத்தி, மன்ரோவியாவில் மீன் சந்தையை ஒட்டிய மைதானத்தில், அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் போகும் சாலையோரமாக, வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானாவின் அக்ராவில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அங்கேயும் போய் அரங்கின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களை வெளியே விட மறுத்தார்கள். அந்த ஆகஸ்ட் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. போவீக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு இருக்கட்டும். அந்தப் படம் உருவான விதம்தான் உங்களுக்கு முக்கியம். செய்திக் கேமராக்கள் துப்பாக்கி ஏந்திய சிறுவர்களைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்து வைத்திருந்தன. வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த பெண்களை ஏறக்குறைய யாரும் எடுக்கவில்லை. படக்குழு அந்தக் காட்சிகளைத் தேடித்தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. படம் எடுத்திருக்காவிட்டால் அந்தப் பெண்கள் செய்தது அவர்கள் ஊரோடு முடிந்திருக்கும். அதனால்தான் டிஸ்னி படத்தோடு நின்றுவிடாமல், படங்களையும் பெண் பேச்சாளர்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோக 'பீஸ் இஸ் லவுட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏறக்குறைய உங்கள் ஐந்து பேரின் வேலைதான், பெரிய அளவில்.

கோவையில் இந்தப் படத்தைப் பார்க்கும் பெண் லைபீரியா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். கடைக்குப் போன மகன் திரும்பி வரும்வரை வாசலில் நிற்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012, மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் வேறொரு நாட்டுப் போர் பற்றிய படம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழில் துணையுரை இல்லாததால் நண்பர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி மொழிபெயர்த்தார். பாதிப் படத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இல்லை. எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. கும்மிருட்டில் யாரோ ஒருவர், "எங்க தெருவுலயும் இப்படித்தானுங்க, ஒரே ராத்திரியில எல்லாம் மாறிப்போச்சு" என்றார். சாதிக் கலவரம் ஒன்றைச் சொன்னார். இன்னொரு மூலையிலிருந்து மறுதரப்புக்காரர் பதில் சொன்னார். முகம் தெரியாததால் குரல் உயரவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே போனது. கரண்ட் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நான் தயாரித்து வைத்திருந்த உரையைப் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த மாலையைக் கெடுத்திருப்பேன்.

அதிலிருந்து, விருந்தினரை மேடையேற்றி ஒரு மணி நேரம் பேசவைக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பொன்னாடை, அறிமுகம், அவருடைய நூல்களின் பட்டியல், அப்புறம் உரை, அப்புறம் "நேரமாகிவிட்டதால் இரண்டே கேள்விகள்". படம் கிளப்பிவிட்டதை எல்லாம் உரை வந்து மூடிவிடுகிறது. விருந்தினரை அழையுங்கள், ஆனால் அவரும் படத்தைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். முதலில் பார்த்தவர்கள் பேசட்டும், கடைசியில் அவர் பதினைந்து நிமிடம் பேசினால் போதும். வட்டமாக நாற்காலி போடுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேடை எதற்கு?

"அரசியல் பேசாதீங்க" என்ற மண்டபக்காரரின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பிரச்சினை வந்தால் முதலில் மாட்டுவது அவர்தான். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனைப் போல வாழ்நாள் முழுக்க இதற்காகவே உழைத்தவர்களும் இந்தச் சுவரில் மோதியிருக்கிறார்கள். பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கா என்று அலைந்து அவர் எடுத்த 'ஜங் அவுர் அமன்' படத்துக்குத் தணிக்கைக் குழு 21 வெட்டுகள் கேட்டது. அவர் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் 2003-ல் ஒரு வெட்டும் இல்லாமல் படத்தை மீட்டார். அதில் லாகூர் பள்ளி மாணவிகள் அணுகுண்டு வேண்டும் என்று மேடையில் முழங்குகிறார்கள். இறங்கி வந்து பேசும்போது, போட்டியில் ஜெயிப்பதற்காக அப்படிப் பேசினோம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். நம் பள்ளிப் பட்டிமன்றங்களில் வளர்ந்த எவருக்கும் அந்த இடத்தில் சுருக்கென்று இருக்கும். இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் படத்தை ஒரு பள்ளியில் போடச் சொல்வேன். மண்டபக்காரரையும் படம் பார்க்கக் கூப்பிடுங்கள். முழுதாக ஒரு படம் பார்த்தபின் அவருக்குப் பயம் குறையலாம், குறையாமலும் போகலாம். ஆனால் எதற்கு இடம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருப்பது நியாயம்.

காசு விஷயம். இலவசம் என்றால் முழுச் செலவும் உங்கள் தலையில் என்று அர்த்தமில்லை. வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ல் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற குழுவைத் தொடங்கினார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகப் போட்டு மக்களிடம் காசு திரட்டினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் 1986-ல் அவருடைய 'அம்ம அறியான்' படம் வந்தது. நீங்களும் வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள். பத்து ரூபாய் போட்டவருக்கு அடுத்த மாதம் என்ன படம் என்று கேட்கும் உரிமை வந்துவிடும். அப்படிக் கேட்பவர்கள் உங்களுக்குத் தேவை. இன்னொன்று, திரையிடுவதற்கு முன் படம் எடுத்தவருக்கு ஒரு கடிதம் போட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள். நான் அறிந்தவரை ஆவணப்பட இயக்குநர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார்கள்.

"யார் மாறினார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு சபீன் மஹ்மூத் நினைவுக்கு வருவார். கராச்சியில் 2007-ல் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 'தி செகண்ட் ஃப்ளோர்' என்ற இடத்தைத் தொடங்கினார். காபி, புத்தகம், படம், இசை, அறிவியல் பேச்சு, அரசியல் விவாதம் எல்லாம் அங்கே உண்டு. தெருவில் சந்தித்தால் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 2015 ஏப்ரலில், பலூசிஸ்தானில் காணாமல் போனவர்கள் பற்றி லாகூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடக்கவிருந்த கூட்டம் ரத்தானது. அதைத் தன் இடத்தில் நடத்தினார் சபீன். ஏப்ரல் 24 இரவு, கூட்டம் முடிந்து தாயோடு காரில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். தாயும் காயப்பட்டார். சபீனுக்கு வயது நாற்பதுதான்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர் போன பிறகும் அந்த இடம் மூடவில்லை, நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. அதைச் சொல்லத்தான் வந்தேன். அங்கே வந்தவர்களில் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். எதிரெதிராக நினைப்பவர்கள் உட்கார ஊரில் ஓர் அறை இருந்தது, மாதாமாதம் விளக்கு எரிந்தது. கலவரம் வருகிற இரவில் வதந்தியை நம்பலாமா என்று மறுபக்கத்து ஆளிடம் போன் போட்டுக் கேட்க, அவருடைய எண் நம்மிடம் இருக்க வேண்டும். அந்த எண் இப்படிப்பட்ட அறைகளில்தான் கிடைக்கும். உங்கள் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒரே மாதிரி இருப்பதுதான் எனக்குக் கவலை, எண்ணிக்கை இல்லை. எப்போதும் ஒரே மண்டபத்தில் போட்டால் ஒரே ஆட்கள்தான் வருவார்கள். ஒரு மாதம் உக்கடத்தில் போடுங்கள், அடுத்த மாதம் மில் தொழிலாளர் குடியிருப்பில், அதற்கடுத்து யாராவது வீட்டு மொட்டை மாடியில். நோட்டீஸை வாட்ஸாப்பில் அனுப்புவதோடு விடாமல் கடை கடையாகக் கையில் கொடுங்கள். ஞாயிறு மாலை பெண்களுக்குத் தோதான நேரமா என்று பெண்களிடம் கேளுங்கள். அநேகமாக இல்லை என்பார்கள்.

கடைசியாக, அந்தப் பெரியவர். உங்கள் கடிதத்தில் அவருக்கு நான்கே வரிதான், அதுவும் குறையாக. இரண்டு வருடம் ஒரு மாதம் விடாமல் ஒருவர் வருகிறார் என்றால் அவருக்கு அங்கே ஏதோ வேலை இருக்கிறது. அது என்ன என்று தோண்டாதீர்கள். 97-ல் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மைக்கை நீட்டிவிடாதீர்கள். தயவுசெய்து அவரைச் சாட்சி ஆக்காதீர்கள். தேநீரைப் படத்துக்குப் பிறகு கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் படம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். அவர் சீக்கிரம் வருபவராக இருந்தால் உங்களில் ஒருவர் இரண்டு டம்ளரோடு கடைசி வரிசைக்குப் போய் உட்காரட்டும். சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள், அந்த வயதில் பலருக்குச் சேராது.