பத்து வயதுப் பிள்ளையா உங்களுக்குக் காவல்?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன், கணவர் செம்பனை ஆலையில் இரவு வேலையில் இருந்தபோது, மூன்று பேர் பின்கதவை உடைத்து வந்து, கழுத்தில் பாராங் கத்தி வைத்துத் தாலியை அறுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நாய் குரைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. இருட்டிய பிறகு சமையலறைப் பக்கம் போவதில்லை. கிளினிக் டாக்டர் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். மாமியார், 'ரம்புத்தான் கேஸ்னு பேர் வாங்காதே' என்கிறார் (அங்கேதான் மனநல ஆஸ்பத்திரி). கோயிலில் கயிறு கட்டியிருக்கிறேன். மகள் அன்று கட்டிலுக்கடியில் இருந்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. இப்போது பத்து வயது. நல்ல பிள்ளை, நான் தூங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு விழித்திருப்பாள். நான் என்ன செய்வது?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தங்கச்சி, அவளுக்கு ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? அவளிடம் கேட்டீர்களா? கட்டிலுக்கடியில் கிடந்த எட்டு வயதுக் குழந்தை மூன்று ஜோடிக் கால்களைப் பார்த்திருக்கும். அம்மாவின் குரலைக் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளை இன்றைக்கும் ராத்திரி கண் மூடாமல் கிடக்கிறது. நீங்கள் அதை நல்ல குணம் என்று எழுதுகிறீர்கள்! அவளும் பயந்துதான் விழித்திருக்கிறாளோ என்று ஒரு நாளாவது தோன்றவில்லையா? வகுப்பில் தூங்கி வழிகிறாளா என்று அவள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

எனக்குக் கோபம்தான். பெற்றவளுக்குப் பிள்ளை துணை இருக்கும் காலம் வரும், அதற்கு இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது. இப்போது அந்த வீட்டில் காவல் உங்கள் வேலை, உங்கள் கணவர் வேலை. இன்று ராத்திரியே அவளை முதலில் தூங்க வையுங்கள். உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலும் சரி.

இப்போது உங்கள் விஷயம். இந்தப் படபடப்பும், தூக்கமின்மையும், ஒரு இடத்தைக் கண்டு ஒதுங்குவதும் ஒரு மாதத்துக்கு மேல் போனாலே பிடிஎஸ்டி-யா, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோயா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு 2 வருடம்! ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். இன்றைக்குச் சமையலறை, நாளைக்கு வாசல். சிகிச்சையில் அந்த ராத்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, உங்களுக்குத் தாங்கும் அளவில் பேச வைப்பார்கள். மாத்திரை கொடுத்தால் வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911-இல் திறந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லியே நம் ஜனங்கள் ஒருவரையொருவர் பயமுறுத்தி வருகிறார்கள். மனநலப் பிரிவில் டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுபவர்கள்தான் அதிகம். மாமியாருக்கு மரியாதை கொடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கயிறு கையிலேயே இருக்கட்டும், அதைப் பார்த்து எந்த டாக்டரும் திருப்பி அனுப்பமாட்டார்.

கடிதம் பழசாகிவிட்டதென்றால் அதே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் வேறு கேளுங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். மகளைப் பற்றியும் அங்கே சொல்லுங்கள், அவளையும் பார்க்கட்டும். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி எண் 15555 இருக்கிறது.

அப்புறம், உங்கள் கணவர். கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஆலையில் இருக்கிறார். அவரும் ஒரு நாள் லீவு போடட்டும். மூன்று பேருமாகப் போங்கள்.