மார்ஷல் நேசமணி: வென்ற தேர்தல்களும் அவற்றை வைத்துச் சாதித்ததும்

கேள்வி இது: "மார்ஷல் நேசமணியைப் போராட்டத் தலைவராகத்தான் படித்திருக்கிறோம். சட்டமன்ற உறுப்பினராக, தேர்தல் அரசியல்வாதியாக அவர் எப்படி? உண்மையிலேயே பெரிதாக ஏதாவது சாதித்தாரா?"

சாதித்தார். இன்னும் சொல்லப்போனால், தெருவில் செய்ததைவிட அவையில் செய்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியவர் அவர். நான் குமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாக்காரன். எங்கள் பக்கம் அவருக்குச் சிலை உண்டு, மார்த்தாண்டத்தில் அவர் பெயரில் கல்லூரி உண்டு, நாகர்கோவிலில் மணிமண்டபம் உண்டு. சின்ன வயதில் நாங்கள் ஏறிய அரசு பஸ்ஸின் பக்கவாட்டிலேயே 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். ஆனால் அவர் எந்தத் தேர்தலில் நின்றார், எத்தனை இடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று கேட்டால் ஊரில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிறந்தது 1895-இல், பள்ளியாடியில். நாகர்கோவிலில் வக்கீலாகப் பதிவு செய்தபோது அங்கே நீதிமன்றத்தில் சாதி பார்த்து இருக்கை போடுவார்கள். மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. முக்காலியை அவர் தூக்கிப் போட்டதையும் பானையை உடைத்ததையும் குமரியில் இன்றும் சொல்வார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அதோடு கதையை நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

1945 கடைசியில் நாகர்கோவிலில் தொடங்கிய தமிழர் அமைப்புதான் பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. ஊரில் சுருக்கமாகத் தமிழ்நாடு காங்கிரஸ் என்பார்கள். நேசமணி 1947-இல் அதற்குள் வந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற தென் தாலுகாக்களும் செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளும் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை. வந்த சில மாதங்களிலேயே 1948 தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று திருவிதாங்கூரில் நடந்த முதல் தேர்தல் அது. தேர்தலை ஒட்டிய கலவரத்தில் போலீஸ் சுட்டு மங்காடு தேவசகாயமும் கீழ்குளம் செல்லையாவும் இறந்தார்கள். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு காங்கிரசுக்கு 14 இடங்கள் கிடைத்தன. நேசமணியும் அவைக்குள் போனார்.

அந்த ஓட்டு எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை இன்றைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதற்கு முன்பு வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு. எங்கள் பாட்டா பனையேறி. 1952 தேர்தலைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது பெட்டிகளைத்தான். அப்போதெல்லாம் பிற்காலத்தில் வந்தது போலச் சீட்டில் முத்திரை குத்துவதோ பொத்தான் அமுக்குவதோ கிடையாது. மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதில் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை வேண்டியவரின் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடுமாறாமல் போடலாம். "பெட்டியத் தொட்டுப் பாத்துட்டுதான் போட்டேன் மக்ளே" என்பார் பாட்டா.

சரி, அந்த 1952-க்கு வருவோம். அதில்தான் நேசமணியின் கணக்கு தெரிகிறது. திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் மொத்தம் 108 இடங்கள். காங்கிரஸ் 44-இல் நின்றுவிட்டது. தமிழ்நாடு காங்கிரசுக்கு 8 இடங்கள். நேசமணி நாகர்கோவில் தொகுதியில் வென்று முதல் மக்களவைக்குப் போனார். பெரும்பான்மைக்கு 55 பேர் வேண்டும் என்ற அவையில் 44-ஐ வைத்துக்கொண்டு தடுமாறுகிறவருக்கு அந்த 8 பேர் எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள். ஏ.ஜே. ஜான் தலைமையிலான அரசுக்கு அவர்கள் ஆதரவு கொடுத்தார்கள். கோரிக்கை நகரவில்லை என்றதும் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 1953-இல் அரசு கவிழ்ந்தது. நாலு தாலுகாவை மையமாகக் கொண்ட ஒரு கட்சி திருவனந்தபுரத்தில் ஆட்சியையே இறக்கிய பிறகு, இது ஏதோ எல்லை ஓரத்து முணுமுணுப்பு என்று யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

1954 இடைத்தேர்தலில்லை, முழுத் தேர்தல். இப்போது 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12. எட்டு பன்னிரண்டாகிவிட்டது. வெறும் 19 பேரை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சரானார். தமிழர் கோரிக்கையில் அவர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. மூணாறில் தடையை மீறியதற்காக நேசமணி கைதானார். அதைத் தொடர்ந்து ஆகஸ்ட் 11-ஆம் தேதி விடுதலை நாள் என்று அறிவித்து ஊர்வலம் போனார்கள். புதுக்கடையிலும் மார்த்தாண்டத்துத் தொடுவெட்டியிலும் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். புதுக்கடை வழியாகப் போகிறவர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள்.

துப்பாக்கிச் சூட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன். பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சி ஆட்சியே மக்களைச் சுட்டதற்காகப் பட்டம் தாணுபிள்ளை பதவி விலக வேண்டும் என்றார். அந்த அகில இந்தியக் கட்சிக்குள்ளேயே இது பெரிய பிளவானது. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட, பட்டம் அரசும் கவிழ்ந்தது. அடுத்து வந்த காங்கிரசின் பனம்பள்ளி கோவிந்த மேனோன், 45 பேரோடு ஆட்சி நடத்த யாரிடம் போனார்? அந்த 12 பேரிடம்தான். எந்தக் கட்சிக்காரர்களின் ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டதோ, ஆறே மாதத்தில் அவர்கள் ஆதரவு இல்லாமல் ஆட்சி இல்லை என்ற நிலை. இதை நான் எங்கள் ஊர் அரசியலின் உச்சம் என்று நினைக்கிறேன்.

மாநில எல்லைகளை மறுசீரமைக்க அமைத்த பசல் அலி ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டம்.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். தேவிகுளம், பீர்மேட்டிலும் தமிழ்நாடு காங்கிரஸ் ஜெயித்ததே, தேர்தல் வெற்றிதான் காரணம் என்றால் அவை ஏன் வரவில்லை? நியாயமான கேள்வி. அங்கிருந்த தமிழர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களை நிலையான குடிகளாக ஆணையம் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர், தோட்டம் போன்ற பொருளாதாரக் காரணங்களையும் கேரளத்துக்குச் சாதகமாகப் பார்த்தது. ஓட்டு மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தென் தாலுகாக்களில் மூன்று தேர்தலாக மக்கள் ஒரே கட்சியைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்காமல் இருந்திருந்தால், டில்லியில் பேசுவதற்குக் கையில் என்ன இருந்திருக்கும்? தேவிகுளம், பீர்மேட்டுக்காக நேசமணி மக்களவையிலும் பேசினார். கிடைக்கவில்லை. அந்த வலி எங்கள் பாட்டா தலைமுறைக்குக் கடைசி வரை இருந்தது.

காமராஜர் அந்த நேரத்தில் "மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது" என்ற மாதிரி சொல்லிவிட்டார் என்பது இன்றும் எங்கள் டீக்கடைகளில் ஓடும் பேச்சு. அதே காமராஜரின் காங்கிரசில்தான் நேசமணி அடுத்துப் போய்ச் சேர்ந்தார். தமிழ்நாடு காங்கிரசின் வேலை முடிந்தது என்று கட்சியைக் கலைத்து இந்திய தேசிய காங்கிரசோடு இணைத்தார்கள். 1957-இல் அவர் கிள்ளியூரில் நின்று சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். அதே தேர்தலில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் அவரது பழைய தோழர் தாணுலிங்க நாடார் வென்றார். குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்துறைக்கும் உள்ளாட்சிக்கும் அமைச்சரானார். மீனவர் குடும்பத்துப் பெண் ஒருவர் அந்தக் காலத்தில் அமைச்சரானது குமரிக்குப் பெருமை. ஆனால் நேசமணிக்கு அமைச்சர் பதவி வரவில்லை. ஒரு மாவட்டத்தையே கொண்டுவந்து சேர்த்தவர் ஐந்து வருடம் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை, இன்றைக்கும்.

1962-இல் மறுபடி நாகர்கோவிலில் மக்களவைக்கு. 1967-ஐத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். தி.மு.க. அலையில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் வென்ற மக்களவைத் தொகுதிகள் 39-இல் வெறும் 3. விருதுநகரில் காமராஜரே சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். காங்கிரஸ் வென்ற அந்த மூன்றில் ஒன்று நேசமணியின் நாகர்கோவில். எழுபது வயதைத் தாண்டிய கிழவரை எங்கள் ஜனங்கள் கைவிடவில்லை.

1968 ஜூன் 1-ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே இறந்தார். காலியான இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். அதில் நின்றவர் காமராஜர். 1,28,201 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சொந்த ஊரில் தோற்ற தலைவருக்கு நேசமணியின் தொகுதிதான் மறுவாழ்வு கொடுத்தது. 1971-இலும் அவர் அங்கேதான் வென்றார். குமரியில் தேசியக் கட்சிகள்தான் எடுபடும் என்று டிவி விவாதங்களில் சொல்வார்களே, அந்தப் பழக்கத்தின் வேரைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு மாநிலக் கட்சிதான் முதலில் எல்லாவற்றையும் வென்றது. அது தன் காரியம் முடிந்ததும் காங்கிரசுக்குள் கரைந்தது. அதன் ஓட்டும் அதோடு போனது.

நீங்கள் மாணவர் என்றால் ஒன்று செய்யுங்கள். மக்களவை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் மக்களவையில், மாநில மறுசீரமைப்பு விவாதம் நடந்த 1955, 1956 பக்கங்களை எடுத்து, அவர் பெயர் வரும் இடங்களைப் படித்துப் பாருங்கள். அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. யாராவது ஒரு பேராசிரியர் மாணவர்களை உட்கார வைத்து அவற்றையெல்லாம் தமிழில் கொண்டுவந்தால், எங்கள் மாவட்டப் பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வைக்கலாம்.