வீட்டை விற்றால் ஊரில் தலை காட்ட முடியுமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் குடியிருக்கிறேன். வயது 42. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2021-இல் 48 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினேன். அதில் வங்கிக் கடன் 38 லட்சம். எங்கள் பங்காளிகளில் சொந்த வீடு வாங்கிய முதல் ஆள் நான்தான். அன்று 29,500 ரூபாயாக இருந்த மாதத் தவணை இப்போது 34,000. அசல் பாக்கி 34.5 லட்சம். வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் பாதியாகிவிட்டது. பட்டறையில் எல்லாம் போக 30,000 நிற்கிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 16,000. மகள் எட்டாம் வகுப்பு. வீட்டுச் செலவும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து மாதம் 28,000 ஆகிறது. தவணை கட்டவும், மூத்த தங்கை மகள் சடங்குக்குச் சீர் செய்யவும் வாங்கிய கடன்கள்: மனைவி நகை அடகு 4.2 லட்சம், தனிநபர் கடன் 2 லட்சம் (மாதம் 7,000 கட்டுகிறேன்), தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 2 லட்சம். இரண்டு தவணை நின்றுவிட்டது. ஒருமுறை வியாபாரி வேலைக்குக் கொடுத்த வெள்ளியை அடகு வைத்துத் தவணை கட்டி, நான்கு நாளில் மீட்டேன். இது மனைவிக்கும் தெரியாது. வரும் தையில் இளைய தங்கை மகளுக்குச் சடங்கு. மூன்று பவுன் எதிர்பார்க்கிறார்கள். 70,000 எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டை விற்றுவிடலாமா என்று தோன்றுகிறது. விற்றால் ஊரில் தலை காட்ட முடியுமா? விற்று மிஞ்சும் பணத்தை ஏற்காட்டில் காபித் தோட்ட மனையில் போட்டால் மாதாமாதம் வருமானம் வரும் என்கிறார் மைத்துனர்.

பதில்: விற்றுவிடுங்கள். இதைச் சொல்ல ஒரு வரி போதும். மற்றதெல்லாம் எப்படி விற்பது, யாரிடம் என்ன சொல்வது என்பது பற்றித்தான்.

தவணை ஏன் ஏறியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5-க்குப் போனது. 2025-இல் இறங்கியது. அதற்குள் உங்கள் வருமானம் அதைவிட வேகமாக இறங்கிவிட்டது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அதன் பிறகு நீங்கள் செய்து வருவதுதான் தவறு. கணக்கைப் பாருங்கள்.

மாத வருமானம் 46,000. போவது: வீட்டுத் தவணை 34,000, குடும்பச் செலவு 28,000, தனிநபர் கடனுக்கு 7,000, மூன்று வட்டிக்கு 6,000. நகைக் கடன் வட்டியை ஆண்டுக்கு ஒருமுறை கட்டலாம் என்பதால் அதை நீங்கள் கணக்கில் எழுதவே இல்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாலும் அது மாதம் 4,200. மொத்தம் 79,200. துண்டு விழுவது 33,200.

ஏறக்குறைய உங்கள் வீட்டுத் தவணை அளவுதான் துண்டு விழுகிறது. அதாவது அந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஒரு கடன்காரரிடம் வாங்கி இன்னொரு கடன்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எட்டரை சதவீத வட்டிக் கடனைக் காப்பாற்ற, ஆண்டுக்கு 36 சதவீத வட்டிக்கு வாங்குகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அறியாமல் இருப்பதற்கு நீங்கள் மாதாமாதம் கட்டும் கட்டணம் இந்த 33,000.

தவணைக் காலத்தை நீட்டிக்கலாமா என்று கேட்பீர்கள். இருபது ஆண்டாக நீட்டினாலும் தவணை 30,000-க்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். 33,000 ஓட்டையில் 4,000 ரூபாய்த் துணி ஒட்டுவதில் பயனில்லை. வட்டிப் பணத்தை எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டுவது) போட்டு மீட்டுவிடலாம் என்று இப்போது கைப்பேசியில் ஆளாளுக்குப் படம் வரைந்து காட்டுகிறார்கள். மாதக் கடைசியில் பணம் மிஞ்சுகிறவர் பார்க்க வேண்டிய படம் அது. நீங்கள் பார்க்க வேண்டாம்.

இனி, நீங்கள் கடிதத்தில் நடுவில் செருகி எழுதிய அந்த வெள்ளி விஷயம். அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் கடிதத்தை மூடி வைத்தேன். வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டு உங்கள் கையில் கொடுப்பது நம்பிக்கையின் பேரில்தான். சேலத்து வெள்ளித் தொழில் நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் முதலே அந்த நம்பிக்கைதான், பட்டறை எந்திரம்கூட அதற்குப் பிறகுதான். அந்த வெள்ளியை அடகுக் கடைக்குக் கொண்டு போனால் அதற்குக் கடன் என்று பெயர் இல்லை. போலீஸ் வழக்காகும் நம்பிக்கை மோசடி அது. நான்கு நாளில் மீட்டீர்கள். அந்த நான்கு நாளில் வியாபாரி சரக்கைக் கேட்டிருந்தால்? வீடு போனால் வாடகைக்குப் போகலாம். தொழில் போனால் அந்த வாடகையையும் கொடுக்க முடியாது. இனி ஒருநாளும் செய்யாதீர்கள். மனைவியிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். வீடு விற்கும் முடிவில் அவரும் கையெழுத்துப் போடப் போகிறவர். அரைக் கணக்கை வைத்துக்கொண்டு அவர் முடிவெடுக்க முடியாது.

ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். எப்போது சிரிக்கும் என்று பார்ப்போம். தவணை 90 நாள் நின்றால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் வரும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதுவும் முடிந்தால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். அந்த அறிவிப்பை உங்கள் வீட்டு வாசலில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் வெளியிடுவார்கள். ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். உங்கள் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், பாக்கித் தொகை எல்லாம் அச்சில் வரும். டீக்கடையில் தினமும் பேப்பர் படிக்கிற உங்கள் பங்காளிகளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. நீங்களாக விற்றால் வில்லங்கச் சான்றில் மற்ற நூறு வீடுகளைப் போல ஒரு கிரய வரி ஏறும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஏலம் வரைக்கும் பார்த்துவிட்டுக் கடைசி நாளில் பணத்தைப் புரட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை. ஏலத்தில் 60 லட்சம் ரூபாய் வீடு 48-க்குப் போனால், செலவும் வட்டியும் கழிந்து உங்கள் கைக்கு வருவது மற்ற கடன்களை அடைக்கவே சரியாக இருக்கும்.

நீங்களே விற்றால்? தரகர்கள் 65 சொல்வார்கள். நான் 60 என்றே போடுகிறேன். வங்கிப் பாக்கி, இடைப்பட்ட வட்டி சேர்த்து 35 லட்சம். தரகும் சில்லறைச் செலவும் ஒரு லட்சம். மிச்சம் 24. நகை, தனிநபர், மூன்று வட்டி மூன்றையும் தீர்க்க 8.2 லட்சம். கையில் நிற்பது 15.8 லட்சம், மனைவியின் நகையோடு. அதே பக்கத்தில் 12,000 ரூபாய் வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு பாருங்கள். செலவு 40,000, வரவு 46,000. மாதம் 6,000 மிஞ்சும். வாடகை வீண் பணம் என்பார்கள். நீங்கள் இப்போது கட்டும் 34,000-இல் 24,000-க்கு மேல் வட்டிதான். அதுவும் வங்கிக்குக் கட்டும் வாடகைதானே?

விலை பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்களுக்கு 33,000. ஒரு லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நான்கு மாதம் காத்திருந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

அடமானத்தில் உள்ள வீட்டை விற்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. வங்கியில் பாக்கிக் கடிதமும் அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் எழுதிக் கேளுங்கள். வாங்குபவரோ அவருடைய வங்கியோ நேரே உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. கணக்கு முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் தர வேண்டும் என்பதும், தாமதம் வங்கியுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிய மறக்காதீர்கள்.

பாதி கணக்கில், பாதி கையில் என்று யாராவது வருவார். அட்வான்ஸாகக்கூட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். 50 லட்சத்துக்குக் குறையாத விலை என்பதால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுப்பார். கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பும். லாப வரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கக் குறியீடு (விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், குறியீட்டோடு 20 சதவீதம் என இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். 48 லட்சத்தோடு அன்றைய பத்திரச் செலவையும் சேர்த்துக் குறியீட்டால் உயர்த்தினால் 60 லட்சத்தைத் தொட்டுவிடும். வரி வராமலே போகலாம். ஆனால் அசலைக் காட்டி வரிச் சலுகை எடுத்திருந்தால், வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகுமுன் விற்கும்போது அந்தச் சலுகை திரும்ப வருமானத்தில் சேரும். இதை மட்டும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மூன்று வட்டிக்காரருக்குப் பணம் கொடுக்கும்போது, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிராமிசரி நோட்டையும் காசோலையையும் கையில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். “அப்புறம் தருகிறேன்” என்றால் பணத்தையும் அப்புறம் தரலாம்.

மைத்துனர் சொல்லும் காபித் தோட்ட மனைக்கு வருகிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி இருநூறு ஆண்டாக விளைகிறது. அதில் மாதாமாதம் நிலையான வருமானம் எடுத்த தோட்டக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. காபி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும், மழை தப்பினால் அதுவும் குறையும். பிறகு மாத வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நீங்கள் கொடுத்த பணத்திலிருந்தேதான். போதாததற்கு ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட இடம், கட்டட அனுமதி சமவெளியைப் போலக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் ஏரியில் படகு விட்டு வாருங்கள். ஏற்காட்டில் உங்கள் முதலீடு அதோடு நிற்கட்டும். 15.8 லட்சத்தை நான்கு வங்கிகளில் வைப்புத்தொகையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. இரண்டு ஆண்டு அதைத் தொடாதீர்கள், வீட்டு அட்வான்ஸ் தவிர.

சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர், இதே வரிசையில். முதலில் மகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லாம் புரியும், தெருவில் கேள்விப்படுவதற்கு முன் வீட்டில் கேட்கட்டும். பள்ளியை மாற்றாதீர்கள். அடுத்தது வியாபாரி. கிரய ஒப்பந்தம் ஆன அன்றே நேரில் போய், கையிலிருக்கும் வெள்ளியை எடை போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு, “கடனை முடிக்க வீட்டைக் கொடுத்துவிட்டேன், பட்டறை ஓடும்” என்று சொல்லுங்கள். கடன் தீர்த்தவரை வியாபாரிகள் ஒதுக்குவதில்லை. ஒளிந்து திரிகிறவரைத்தான் ஒதுக்குவார்கள். ஊர்ப் பயத்தில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான், அதற்கும் மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. இரவோடு இரவாகச் சாமான் ஏற்றாதீர்கள். பகலில் போங்கள்.

மூன்றாவது, இளைய தங்கை. தாய்மாமன் சீர் உங்கள் உரிமை, மறுக்கவில்லை. உங்கள் மகளுக்கு நாளை அது மொய்யாகத் திரும்பும் என்றும் நினைப்பீர்கள். மொய்க்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. நீங்கள் வாங்கும் கடனுக்கு இரண்டும் உண்டு. மூத்த தங்கைக்குச் செய்த 2 லட்சத்துக்கு இன்னும் மாதம் 7,000 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று பவுன் இன்றைய விலையில் மூன்று லட்சத்தை விழுங்கிவிடும்.

அந்த 70,000 ரூபாயை எடுத்து, 68,000-ஐ நின்றுபோன இரண்டு தவணைக்கு இந்த வாரமே கட்டுங்கள். 90 நாள் கணக்கு அங்கேயே நின்றுவிடும், விற்பதற்கு அவகாசம் கிடைக்கும். மீதி இரண்டாயிரத்தில் பூவும் பழமும் ஒரு பட்டுப் பாவாடைத் துணியும் வாங்கிக்கொண்டு, சடங்குப் பத்திரிகை அச்சாகுமுன் மனைவியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.