கூண்டைச் சுற்றிப் பாசி போட்டால் தண்ணீர் சுத்தமாகுமா?

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடலில் கூண்டு கட்டிக் கடல் விரால் வளர்க்கிறோம். பக்கத்தில் கடல்பாசி வளர்க்கிற மிதவை போட்டால் கழிவெல்லாம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா ஐயா, சும்மா பேச்சா? (ஒரு வாசகர், தொண்டி)

பதில்: பாதி உண்மை தம்பி. மீன் தின்கிற தீனியிலுள்ள நைட்ரஜன் சத்தில் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான், மீதியில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கரைகிறது, அது பாசிக்கு நல்ல உரம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தார் முனைக்காட்டில் மீனவர்களோடு சேர்ந்தே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 6 மீட்டர் விட்டமுள்ள ஒரு கூண்டுக்கு 12க்கு 12 அடி மூங்கில் மிதவை 16, மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. தனியாகப் போட்ட மிதவையைவிடக் கூண்டோரத்து மிதவையில் விளைச்சல் கூடுதல்.

ஆனால் நெருக்கிக் கட்டாதீர்கள். பாசி பகலில்தான் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும், ஓட்டம் அடைபட்டால் விடியற்காலையில் மீன் திணறும். அப்புறம் ஒரா மீன். மிதவைக்கு அடியில் வலை கட்டாவிட்டால் கொழுந்தையெல்லாம் மேய்ந்துவிட்டு வெறும் தண்டு மட்டும் உங்களுக்கு விட்டு வைக்கும்.

சரி, மீதிப் பாதி? மீன் தின்னாமல் விட்ட தீனியும் எச்சமும் நேரே அடியில் போய்ப் படியும், மேலே மிதக்கிற பாசிக்கு அது எட்டாது. அதைத் தின்று தீர்க்கிற பிராணி கடல் அட்டை, 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை இருக்கிறது, எனவே அந்த யோசனையே வேண்டாம். உங்கள் கையில் இருப்பது தீனி வாளிதான். சூடை, கவலை மாதிரிச் சின்ன மீனை நறுக்கிப் போடும்போது முதல் வாளிக்கு மீன் மேலே வந்து அடித்துப் பிடுங்கும், கொஞ்ச நேரத்தில் துண்டுகள் தொடப்படாமல் கீழே இறங்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள், வாளியில் மிச்சம் இருந்தாலும். பல கிலோ சின்ன மீனைக் கொட்டித்தான் ஒரு கிலோ கடல் விரால் எடுக்கிறோம், அந்தக் கணக்கைச் சரி செய்யாமல் எத்தனை மிதவை போட்டாலும் கடலுக்கு லாபமில்லை என்பது என் கட்சி.

கேள்வி: எங்கள் பக்கம் தீவோரத்தில் தண்ணீர் அசையாமல் இருக்கிறது. அங்கே மிதவை போடலாமா? (ஒரு வாசகி, பெரியபட்டினம்)

பதில்: கூடாதம்மா. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நாம் வளர்ப்பது மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி மாதிரி ஊர்ப்பாசி இல்லை, பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது, ஒடிந்த துண்டு போதும், ஒட்டிய இடத்தில் வளர்ந்துவிடும். குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியது இதே பாசிதான். பாக் நீரிணைப் பக்கம் அனுமதியுள்ள இடம் எது என்று மீன்வளத் துறையில் கேட்டுக்கொண்டு, வாடை கிளம்புமுன் மிதவையைக் கரையேற்ற ஆள் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.