டென்னசி நிதி வாய்பாட்டில் இனம் இல்லையே என்ற உங்கள் கேள்விக்கு

வணக்கம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தின் உயர்கல்வி நிதி வாய்பாட்டில், அதாவது அரசுக் கல்லூரிகளுக்குப் பணம் பிரிக்கும் கணக்கில், இனம் என்ற பேச்சே இல்லை, பிறகு எப்படி அது கறுப்பின மாணவர்களுக்குப் பாதகம் என்று ஆய்வேட்டில் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

வாய்பாட்டை விட்டு, அது எந்தக் கல்லூரிகளை ஒரே தராசில் நிறுத்துகிறது என்று பாருங்கள். 2010 சட்டத்துக்குப் பிறகு அங்கே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் தேறினார்கள், பட்டம் வாங்கினார்கள் என்பதை வைத்தே பணம் பிரிகிறது. நாஷ்வில்லில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் 1912இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது. நிலக்கொடைக் கல்வி நிறுவனம் (மத்திய அரசின் நிலக்கொடைச் சட்டங்களின்கீழ் உதவி பெறும் நிறுவனம்) என்ற முறையில் அதற்கு மாநிலம் தர வேண்டிய பங்கு பல பத்தாண்டுகளாக முழுதாக வந்து சேரவில்லை. 2021இல் சட்டமன்றக் குழுவே கணக்குப் பார்த்து, பாக்கி 15 கோடி முதல் 54.4 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் ஆசிரியர்களுக்கும் போயிருக்க வேண்டிய பணம். அதைத் தராமல் வைத்துக்கொண்டு பட்டதாரி எண்ணிக்கையைக் கேட்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். இதையே முதல் அத்தியாயமாக வையுங்கள்.

எதிர்வாதத்தையும் விடாதீர்கள். ஏழை மாணவரோ வயது கூடியவரோ தேறினால் 40 சதவீதம் கூடுதல் மதிப்பு என்று அந்த வாய்பாட்டிலேயே இருந்தது. ஆனால் வருமானம் சமமாக இருக்கும் கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்களுக்கு இடையே சொத்து சமமில்லை; அதனால் வருமானத்தை மட்டும் பார்க்கும் கூடுதல் மதிப்பு இன வேறுபாட்டை ஈடுகட்டாது. ஒஹையோ சிறுபான்மை மாணவர்களுக்குத் தனி எடை கொடுத்த மாநிலம். ஒப்பிட அதை எடுக்கலாம்.

இதேபோல் தேர்ச்சியை வைத்துப் பணம் பிரித்த இந்தியானா மாநிலத்தில், பல்கலைக்கழகங்கள் சேர்க்கையை இறுக்கியதாக ஆய்வுகள் உண்டு. ஆகவே தேர்ச்சி விகிதத்துக்கு முன், டென்னசியில் 2010க்கு முந்தைய, பிந்தைய சேர்க்கையை இனவாரியாகப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் ஐபெட்ஸ் (IPEDS) என்ற உயர்கல்வித் தரவுத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.